மெசினுக்கடியில வச்ச பத்து ரூவா

உங்களுக்கு எதுக்கு அது? மழை பேஞ்சுச்சா, மொளகு என்ன வெல போகுதுன்னு கேட்டா பதில் சொல்லலாம். எம் பேத்தி ஏன் கொழும்புக்குப் போனான்னு கேக்குறீங்க. அடுத்தவ வீட்டுச் சட்டியத் தொறந்து பாக்குற பழக்கத்த எங்க புடிச்சீங்களோ தெரியல. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, அதனாலதான் இவ்வளவு கோவம் வருது. சரி, கதிரைய இழுத்துப் போட்டு உக்காருங்க. சொல்றேன். ஆனா அவ காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணிடுவேன். சத்தியம் பண்றதுல நான் கெட்டிக்காரி.

நாலந்தா சந்தியில எறங்கி உள்ளுக்கு ஒரு கட்டை, ஒரு மைல் தூரம் நடந்தா எங்க வீடு. ரெண்டு அறை, ஒரு குசினி, சுத்தி மொளகுக் கொடி. ரப்பர் தோட்டத்துல முப்பது வருசத்துக்கு மேல பால் வெட்டி, அந்தக் காசுல வாங்கின எடம். நான் மூணாம் வகுப்பு. அதுலயும் ரெண்டாம் வகுப்புல ரெண்டு வருசம் இருந்தேன், வாத்தியாருக்கு என்ன விட மனசில்லாம.

பேத்திய ரெண்டு வயசுல எங்கிட்ட விட்டுட்டு மக வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனா. மருமகன் வேற வீடு பாத்துக்கிட்டான். அவன் பேச்ச விடுங்க. புள்ள நல்லாப் படிச்சு, கேம்பஸ் போயி கம்ப்யூட்டர் படிச்சுட்டு வந்துச்சு. வந்து வீட்டுலயே உக்காந்து வேலை. முன் அறையில ஜன்னலோரம் ஒரு மேசை. கேக் ஆற வைக்கிற கம்பித் தட்டக் குசினியில இருந்து தூக்கிட்டுப் போயி மேசையில வச்சு, அதுக்கு மேல லப்டொப்ப வச்சிக்கிட்டா. மெசினுக்குக் காத்து போகணுமாம். நான் கேக் செஞ்சு யாருக்குக் குடுக்கப் போறேன், வச்சுக்கன்னு விட்டுட்டேன்.

நாள் பூரா டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே இருப்பா. ஒரு வார்த்த பேச மாட்டா. ஆனா அந்தச் சத்தம் இருந்தா வீட்டுல ஆள் இருக்குன்னு அர்த்தம். நான் குசினியில இருந்துக்கிட்டே, இப்ப வேகமாத் தட்டுறா, வேலை நல்லாப் போகுது, இப்ப நின்னுட்டா, எங்கயோ மாட்டிக்கிட்டான்னு சொல்லிடுவேன். மாட்டிக்கிட்டா தேத்தண்ணி ஊத்திக் கொண்டு போயி வைப்பேன்.

இந்த வருசம் மொளகு காயப் போட்டிருந்த நேரத்துல அவளுக்கு ரெண்டு வேலை ஒண்ணா வந்துச்சு. ஒண்ணு, வெளிநாட்டுக்காரன் ஒருத்தன். வீட்டுல இருந்தே செய்யலாம், ஒரு வருசத்துக்கு. ஆனா அவனோட கம்ப்யூட்டர் கோட் பழசாம், மலையாட்டம் பெருசாம். மத்தது கொழும்புக் கம்பெனி. அங்க போயி ரூம் எடுத்துத் தங்கணும், ஒபீஸ்ல உக்காரணும். மெசின், சாமான் எல்லாம் அவங்களே குடுப்பாங்க.

நான் என்ன சொல்லுவேன்னு அவளுக்குத் தெரியும். அதனால எங்கிட்ட கேக்கல. ஒரு கொப்பிய எடுத்து நடுவுல கோடு போட்டு என்னமோ எழுதிக்கிட்டு இருந்தா.

“என்னடி, பையன் பாக்குறியா? ரெண்டு பேரையும் எழுதி வச்சிருக்க?”

“எடிட்டர் பாக்குறேன் அம்மாயி.”

“அது யாரு மாப்பிள்ளை?”

“மாப்பிள்ளை இல்ல. கோட் எழுதுற சாமான். நீங்க பால் வெட்ட கத்தி வச்சிருந்தீங்கல்ல, அப்படி எனக்கு இது. இப்ப வச்சிருக்கிறது சும்மா கெடைக்கிறது. வெளிநாட்டுக்காரன் வேலை பெருசு, அதுக்கு இது பத்தாது போல இருக்கு. காசு குடுத்து வாங்குறதும் இருக்கு.”

கத்தின்னதும் நான் கிட்டப் போயி உக்காந்தேன். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தோட்டத்துல ஸ்டோர்ல சும்மா ஒரு கத்தி குடுப்பாங்க. அது மொட்டையா இருக்கும். பட்டைக்குப் பதிலா மரத்தோட எலும்பு வரைக்கும் போகும், கங்காணி கத்துவான். நல்லா வெட்டுறவ எல்லாம் சொந்தக் கத்தி வச்சிருப்பா.

அவ எனக்குச் சொல்லிக் குடுத்தா. சும்மா கெடைக்கிறதுல வெறும் சட்டிதான் வருமாம். கரண்டி, மூடி, வடிகட்டின்னு ஒவ்வொண்ணா நாமளே தேடிப் பொருத்திக்கணும். அதையும் யாரோ ஊர்பேர் தெரியாத ஆளுங்க சும்மா செஞ்சு போட்டிருக்காங்க. ஒருத்தன் செஞ்ச கரண்டி இன்னொருத்தன் செஞ்ச மூடியோட சண்ட போடும். ஆனா லேசா இருக்கும், பழைய மெசினுக்கும் பாரமில்ல. காசு குடுத்து வாங்குறதுல எல்லாம் பொருத்தியே வருமாம். எங்க தப்புன்னு நாம தேட முந்தியே அது காட்டிடும். ஒரு எடத்துல பேர மாத்தினா, அந்தப் பேர் இருக்கிற எல்லா எடத்துலயும் தேடிப் போயி மாத்தும். ஆனா பாரம். மெசினத் தின்னும். வருசா வருசம் டொலர்ல கட்டணும்.

“கம்பெனிக்குப் போனா?” ன்னு கேட்டேன். கேக்காம இருக்க முடியல.

“அங்க காசு எடிட்டர அவங்களே வாங்கித் தருவாங்க. வேலைய விட்டா திருப்பி எடுத்துக்குவாங்க.”

“ஸ்டோர்க் கத்தி மாதிரி.”

“நல்ல ஸ்டோர்க் கத்தி அம்மாயி,” ன்னு சிரிச்சா.

கடைசியில ஒரு முடிவுக்கு வந்தா. காசு குடுத்து வாங்குற எடிட்டர முதல் ஒரு மாசம் சும்மா பாவிச்சுப் பாக்கலாமாம். வெளிநாட்டுக்காரனும் கொழும்புக் கம்பெனியும் ஒரு மாசம் பொறுத்துக்கிறோம்னுட்டாங்க. இந்தப் பழைய மெசின்ல அது ஓடினா அதையே வாங்கிக்கிட்டு வீட்டுலயே இருப்பா. ஓடலன்னா கொழும்பு. புது மெசின் வாங்க நம்மகிட்ட ஏது வசதி. அவ சொல்லிட்டுப் போயிட்டா. நான் அங்கயே உக்காந்திருந்தேன். என் மிச்சக் காலம் ஒரு மெசின் மேல நிக்குதுன்னு அப்பதான் விளங்குச்சு.

எனக்கு இன்னொரு பயமும் வந்துச்சு. அத அவகிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்றேன், சிரிக்காதீங்க.

எங்க ஆளுங்க தொழில் சாமான யாருகிட்டயும் சும்மா வாங்க மாட்டாங்க. அதுலயும் கத்தி, அருவா, கத்திரிக்கோல், ஊசி. சும்மா வாங்கினா உறவு அறுந்துடும். அம்மாவே மகளுக்குக் குடுத்தாலும் ஒரு சல்லியாவது கையில வச்சுட்டுத்தான் வாங்கணும். எனக்கு ஒரு அக்கா இருந்தா. நான் பால் வெட்டப் பழகுற காலத்துல அவ குடும்பம் இந்தியாவுக்குப் போச்சு. தோட்டத்துல பாதி லயத்து வீடு காலியாப் போன நேரம் அது. லொறி வந்து நிக்குது, எல்லாரும் அழுதுக்கிட்டு நிக்கிறோம், அவ மடியில இருந்து அவளோட கத்திய எடுத்து எங்கையில குடுத்தா. அழுகையில நான் காசு குடுக்க மறந்துட்டேன். அவளும் கேக்க மறந்துட்டா. நல்ல கத்தி. நான் வேலைய விடுற வரைக்கும் அதுலதான் வெட்டினேன். அக்காகிட்ட இருந்து ரெண்டு காயிதம் வந்துச்சு, அப்புறம் வரல. இருக்காளா இல்லையான்னுகூடத் தெரியாது.

இப்ப எம் பேத்தி ஒரு மாசத்துக்குச் சும்மா ஒரு சாமான வாங்கி வச்சிருக்கா.

“இத யாருடி குடுத்தா? அந்த ஆளு கையில ஒரு பத்து ரூவா குடுக்கலாம்ல?”

“யாரும் குடுக்கல அம்மாயி. நானே எறக்கினேன்.”

“எங்க இருந்து?”

“மேல இருந்து.”

மேல இருந்து வந்ததுக்குக் கீழ காசு வச்சா சரியாப் போயிரும்னு நெனச்சேன். வெள்ளிக்கிழம காலையில அவ குளிக்கப் போன நேரம், பத்து ரூவாக் குத்திக் காசு ஒண்ண மஞ்சத் துணியில மடிச்சு முடிஞ்சு, மெசின லேசாத் தூக்கிக் கம்பித் தட்டுக்கும் அதுக்கும் நடுவுல செருகினேன். அடியில சல்லடை மாதிரி ஓட்ட ஓட்டையா ஒரு எடம் இருந்துச்சு. அங்க கொண்டு போனதும் துணிய அதுவே இழுத்துப் புடிச்சிக்கிச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஏத்துக்கிச்சுன்னு கும்பிட்டுட்டு வந்தேன்.

அது வரைக்கும் ஒரு வாரமா மெசின் நல்லாத்தான் ஓடிச்சு. அன்னைக்கு மத்தியானமே ரைஸ் மில் மாதிரி கத்த ஆரம்பிச்சுச்சு. பொறவு அப்படியே நின்னுடுச்சு. அவ தட்டுறா, ஒண்ணும் அசையல. அணைச்சுப் போட்டா, திரும்ப நின்னுச்சு. அடுத்த நாளும் அப்படி. அதுக்கு அடுத்த நாளும்.

“நான் சொன்னேன்ல, பாரம்னு. இந்த மெசினால தாங்க ஏலாது,” ன்னா. கொப்பியில எழுதிக்கிட்டா.

நான் சாமி படத்துக்கு முன்னால நின்னு, காசு பத்தலையான்னு கேட்டேன். இருவது வைக்கலாமான்னும் யோசிச்சேன்.

பத்தாம் நாள் இருவது ரூவாக் குத்தியோட போயிக் கையவிட்டப்பதான் விசயம் விளங்குச்சு. அவ கடைக்குப் போயிருந்தா. மெசினுக்கு அடியில தொட்டா துணி கொதிக்குது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில இருந்து எடுத்த மாதிரி. மஞ்சள் பழுப்பாகி, காசு இருந்த எடம் வட்டமாத் தெரிஞ்சுச்சு. ஓட்டைக்குள்ளார காத்தாடி ஒண்ணு சுத்துது. அடுப்பு வாயில சாம்பல அடைச்சா அடுப்பு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அறுவது வருசமா அடுப்பு ஊதுறவ நான். நானே அடைச்சு வச்சிருக்கேன்.

துணிய எடுத்து மடியில சொருகிட்டேன். அவகிட்ட சொல்ல வாய் வரல. சொன்னா ஒரு வாரம் சிரிப்பா, அதுக்காக இல்ல. பத்து நாள் அவ வேலைய நாசம் பண்ணிட்டேனேன்னு வெக்கமா இருந்துச்சு. சரி, காத்து வந்துருச்சு, மெசின் இனிமே ஓடும், புள்ள இங்கயே இருக்கும்னு மனசு லேசாச்சு. அன்னைக்கு அவளுக்குப் புடிச்ச கொஸ்காய் கறி, பலாக்காய்தான், வச்சேன்.

கடையில இருந்து வந்து உக்காந்தா. டக்கு டக்குன்னு தட்டுற சத்தம் கேட்டுச்சு. மெசின் கத்தல. ஒரு மணி நேரம் போச்சு, ரெண்டு மணி நேரம் போச்சு, நிக்கவே இல்ல. குசினியில நின்னுக்கிட்டு, இப்ப வந்து சொல்லுவா, இப்ப வந்து சொல்லுவான்னு காத்திருந்தேன். வரல. நானே போனேன்.

“என்னடி, இன்னைக்குச் சத்தத்தக் காணோம்?”

“இன்னைக்கு ஒண்ணும் ஆகல அம்மாயி. நல்லா ஓடுது.”

அந்தக் கொரல் இருக்கே. செத்த வீட்டுக்கு வழி சொல்ற கொரல்.

பொறவு வாசல்ல நின்னு யாரோ கூட்டாளிப் புள்ளையோட போன்ல பேசினா. ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு, நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல, எங்காதுதான் கேட்டுச்சு. “இந்த மெசினால ஏலாதுன்னு நெனச்சேன்டி. இப்ப ஏலுது. அப்ப போக ஒரு காரணமும் இல்ல. என்ன சொல்லிட்டுப் போறது?” ன்னா. அப்புறம் மொளகுக் கொடியில இருந்து எலைய ஒவ்வொண்ணாப் பிச்சுக்கிட்டு நின்னா.

அப்பதான் எனக்கு முன்னால நடந்ததெல்லாம் ஞாபகம் வந்துச்சு. மெசின் நின்னு போன நாளெல்லாம் அவ உடுப்பு தொவைக்கையில பாடினா. அலுமாரி மேல கெடந்த பெட்டிய எறக்கி, பூஞ்சணம் புடிச்சிருக்கு, வெயில்ல வைக்கிறேன்னு வாசல்ல வச்சா. தலைக்கு எண்ண வைக்க எங்கிட்ட வந்து உக்காந்தா, வேலை வந்ததுல இருந்து உக்காராதவ. பால் வெட்டுற மரத்த தூரத்துல நின்னே இது இன்னைக்குச் சுரக்குமா சுரக்காதான்னு சொன்னவ நான். வீட்டுக்குள்ள ஒரு புள்ள போகத் துடிச்சுக்கிட்டு நின்னது கண்ணுக்குத் தெரியல. தெரிய வேணாம்னு இருந்திருப்பேன்.

அவளுக்கு இருபத்தி நாலு வயசு. இங்க அவளுக்கு யாரு இருக்கா? நான், பல்லி, மொளகு. பேசுறதுக்கு ஒரு மனுசன் இல்லாமத்தான் நாள் பூரா அந்தச் சாமானத் தட்டிக்கிட்டு இருந்திருக்கா. நான் அந்தச் சத்தத்த எனக்குத் தொணைன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

அடுத்த நாள் காலையில அவ குளிக்கப் போனா. மடியில இருந்து மஞ்சத் துணிய எடுத்தேன். மெசின லேசாத் தூக்கி, அதே சல்லடை எடத்துல வச்சேன். திரும்பவும் இழுத்துப் புடிச்சிக்கிச்சு.

இத எந்தக் கோயில்ல சொல்லி அழுறதுன்னு எனக்குத் தெரியல. அதான் உங்ககிட்ட சொல்றேன்.

மத்தியானம் மெசின் கத்துச்சு, நின்னுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் அப்படித்தான். மாசம் முடிஞ்சுச்சு. அவ கொப்பிய எடுத்துக்கிட்டு குசினிக்கு வந்து எம் பக்கத்துல குந்தினா. ரெண்டு பக்கமும் எழுதியிருந்தத எனக்கு வாசிச்சுக் காட்டினா. சும்மா எடிட்டர்னா லேசு, ஆனா இந்த வேலைக்குப் பத்தாது. காசு எடிட்டர்னா நல்லது, ஆனா இந்த மெசின் தாங்காது. ஒவ்வொரு வரியா வெரல வச்சு வாசிச்சா, நான் கேள்வி கேப்பேன்னு.

“அதனால கொழும்புக்குப் போறேன் அம்மாயி. மெசின் மட்டும் ஓடியிருந்தா...”

கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. அந்தக் கண்ணீர் பொய்யில்ல. போகணும்னும் இருந்துச்சு, என்ன விட்டுட்டுப் போறதும் வலிச்சுச்சு.

“போ. உங் கொறட்டை இல்லாம நானும் ஒரு நாள் தூங்கிப் பாக்குறேன்,” ன்னேன்.

“நான் கொறட்டை விடுறதில்ல. நீங்கதான் விடுறீங்க.”

“பாத்தியா, தூங்காம அத வேற கேட்டுக்கிட்டு இருந்திருக்க. கொழும்புல போயி நல்லாத் தூங்கு.”

போற அன்னைக்கு அவ மெசின மூட்ட கட்ட முந்தியே துணிய எடுத்துட்டேன். குத்திய மட்டும் பிரிச்சுக் கழுவி, சந்தியில பஸ்ஸுக்கு நிக்கையில அவ கையில வச்சேன்.

“உனக்கு அந்த எடிட்டரக் குடுக்கிற ஆளு கையில இதக் குடு. சும்மா வாங்காத.”

“அம்மாயி, அவரு பெரிய மெனேஜர். பத்து ரூவாயக் குடுத்தா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். சிரிச்சு முடிஞ்சதும் குடு. குடுத்துட்டு எனக்குப் போன் பண்ணு.”

எங்க அக்கா, அவளோட பெரியம்மாயி, குடுத்த கத்திக் கதை அவளுக்குத் தெரியும். குத்திய உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டா. பஸ் வந்துச்சு. ஏறுனா. ஜன்னலோர சீட்டு கெடைக்கல, அதனால கையாட்டினாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆட்டியிருப்பா.

மூணாம் நாள் போன் வந்துச்சு. “குடுத்துட்டேன் அம்மாயி. அவரு மேசையில வச்சுக்கிட்டாரு,” ன்னா. குடுத்தாளோ, பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறையாக் குடுத்தாளோ. எம் பேத்திதானே, பொய் நல்லா வரும். ஆனா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் வருது. இதுவரைக்கும் நிக்கல. அதனால குடுத்திருப்பான்னுதான் வச்சிருக்கேன்.

கம்பித் தட்டு இன்னும் மேசையிலதான் கெடக்கு. குசினிக்கு எடுத்துட்டுப் போகலாம்னு ரெண்டு தடவ தூக்கினேன், திரும்ப வச்சுட்டேன். அவ இன்டர்நெட் பெட்டி மூலையில பச்சையா கண்ணடிச்சிக்கிட்டு இருக்கு. அணைச்சுடுங்கன்னு சொன்னா, எப்படின்னு தெரியலன்னுட்டேன். தெரியும். வீட்டுல அது ஒண்ணுதான் அசையுது.

மழைக் காலத்துல ஓட்டுல டக்கு டக்குன்னு தண்ணி விழும். அப்ப சில நேரம் தேத்தண்ணிக்குத் தண்ணி வச்சுடுறேன், ரெண்டு பேருக்கு. வச்ச பொறவு நானே ரெண்டு கோப்ப குடிச்சுடுறேன்.

பக்கத்து வீட்டு சிங்கள அக்கா மொத நாளே வேலியோரம் வந்து நின்னா. அவளுக்குப் பின்னால மேல் வீட்டுக்காரி, அவளுக்குப் பின்னால கடைக்காரன் பொஞ்சாதி. வயசான காலத்துல உன்னத் தனியா விட்டுட்டுப் போயிருச்சே புள்ளன்னு மூணு பேரும் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டாங்க. எம் புள்ளைய அப்படி யாரு வாயிலயும் விழ விடுவேனா?

“அவ எங்க விட்டுட்டுப் போனா? அவ மெசினுக்கு இந்த ஊரு சூடு ஒத்துக்கல. ஒரு மாசமா நின்னு நின்னு போச்சு, நீங்களும் சத்தம் கேட்டிருப்பீங்களே. கொழும்புல ஏசி போட்டு வச்சிருக்காங்களாம். அதான் மெசினக் கூட்டிட்டுப் போயிருக்கா. அது கொணமானதும் வந்துடுவா,” ன்னு சொன்னேன்.

ஐயோ பாவம்னாங்க. மெசினத்தான்.